சுங்கை சிப்புட்டில் ஒரு குவிமாட வீடு: கட்டுவதற்கும் குடியிருப்பதற்கும் முழுமையான வழிகாட்டி

படங்களில் நாம் பார்க்கும் குவிமாட வீடுகள் பெரும்பாலும் தரையிலிருந்தே எழும்பி நிற்கின்றன. பனி விழும் நாட்டுக்கும் வறண்ட மேட்டு நிலத்துக்கும் அது பொருந்தலாம். பிற்பகலில் வானம் இருண்டு, ஒரு மணி நேரத்துக்குள் வாய்க்கால் நிரம்பி வழியும், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு அது ஒத்துவராது. எனவே என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் குவிமாடம் கூரையாக இருக்கட்டும், சுவராக வேண்டாம். பத்துப் பக்கமுள்ள நேர்ச்சுவரை எழுப்பி, அதன் மேல் குவிமாடத்தை ஏற்றி வையுங்கள். கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த முடிவை வைத்தே கணக்கிடப்பட்டவை.

ஏன் முக்கோணம், ஏன் நேர்ச்சுவர்

முக்கோணங்களால் ஆன இந்தக் கோள வடிவத்தை முதலில் கட்டியவர் ஜெர்மானியப் பொறியாளர் வால்டர் பவர்ஸ்ஃபெல்ட். 1920களில் யேனா நகரில், ஸைஸ் நிறுவனத்தின் கோளரங்கத்துக்காக அதை வடிவமைத்தார். அமெரிக்கரான பக்மின்ஸ்டர் ஃபுல்லர் பின்னர் அதற்கு 'ஜியோடெசிக்' என்ற பெயரைக் கொடுத்து, 1954இல் காப்புரிமையும் பெற்று உலகெங்கும் பரப்பினார். நான்கு குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய சதுரத்தை மூலையில் தள்ளினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளால் ஆன முக்கோணம், குச்சி முறிந்தால் ஒழிய, வடிவம் மாறாது. மெல்லிய குழாய்களால் பெரிய இடத்தை நடுத்தூண் இல்லாமல் மூட முடிவது இதனால்தான்.

பலவீனமும் அதே முக்கோணத்தில்தான் இருக்கிறது. எத்தனை முக்கோணமோ அத்தனை இணைப்பு, எத்தனை இணைப்போ அத்தனை கசிவு வாய்ப்பு. 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் குவிமாடம் கட்டும் முறையை நூலாக எழுதிப் பலருக்குக் கற்றுக்கொடுத்த லாயிட் கான், சில ஆண்டுகளிலேயே மனம் மாறி, அந்த நூலை மறுபடி அச்சிடுவதையே நிறுத்திவிட்டார். மழை அதிகமில்லாத ஊர்க்காரர்களே அலுத்துக்கொண்ட விஷயம் இது. பேராக்கில் இருக்கும் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டாமா?

தரையிலிருந்து எழும் குவிமாடத்துக்குத் தாழ்வாரம் கிடையாது. வழியும் மழைநீர் முழுவதும் ஜன்னல் மேலேயே ஓடும். சாய்ந்த சுவரில் அலமாரி ஒட்டி நிற்காது. கதவு வைக்க அடிவளையத்தை வெட்ட வேண்டும். அந்த வளையம்தான் குவிமாடம் வெளிப்புறமாக விரியாமல் இழுத்துப் பிடிக்கும் கச்சை. நேர்ச்சுவர் எழுப்பினால் கதவும் ஜன்னலும் வளையத்துக்குக் கீழே வந்துவிடும், கச்சையை யாரும் தொட வேண்டியதில்லை. மரப்பகுதி எல்லாம் மண்ணிலிருந்து உயரே இருப்பதால் கரையானைக் கண்டுபிடிப்பதும் எளிது.

கிராண்டும் அனுமதியும்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக எல்லோருக்கும் ஆசை. தாண்ட முடியாது.

தோட்ட நிர்வாகத்தின் நிலத்தில் உள்ள லயத்துக்குப் பின்னால் காலியிடம் இருக்கிறது என்பதற்காக அங்கே எதையும் எழுப்பாதீர்கள். மூன்று தலைமுறை குடியிருந்தாலும் அந்த நிலம் நம்முடையதல்ல. தோட்டம் கைமாறினால் வீட்டைக் கழற்றிக்கொண்டு போகச் சொல்வார்கள். 1960இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொழிலாளர்களைத் திரட்டித் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு மக்கள் நடுத்தெருவில் நின்ற காலத்தில்தான். அவருடைய சொந்த ஊரிலேயே இருந்துகொண்டு அந்தப் பாடத்தை மறக்கக் கூடாது.

சொந்த நிலமாக இருந்தால், கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், நிலத்தின் வகை என்னவென்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். கட்டட நிலமா, விவசாய நிலமா, சிறப்பு நிபந்தனை ஏதாவது உண்டா என்பதைக் கோலகங்சார் நில அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு நகராண்மைக் கழகத்தின் கட்டட அனுமதி. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும் 1984ஆம் ஆண்டின் ஒருமித்த கட்டடத் துணைவிதிகளும் வட்ட வீட்டுக்கும் பொருந்தும். பதிவுபெற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ கட்டட வரைவாளரோதான் வரைபடத்தைச் சமர்ப்பிக்க முடியும். வேலை முடிந்ததும் குடியேறுவதற்கான நிறைவுச் சான்றிதழையும், 2007 முதல் நடப்பிலுள்ள முறைப்படி, அந்தத் தொழில்முறையாளரே வழங்குவார்.

குவிமாடம் வரைந்த அனுபவம் அவருக்கு இல்லாமல் இருக்கலாம், அதனால் தோஷமில்லை. கீழுள்ள கணக்குகளைக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். குழாயின் தடிமன், போல்ட்டின் அளவு, அடித்தளத்தின் ஆழம் ஆகிய மூன்றையும் அவர் முடிவு செய்யட்டும். வங்கிக் கடனை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் மேலாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மறுவிற்பனை மதிப்பைக் கணிக்க முடியாத வீடு என்றால் வங்கிகள் தயங்கும்.

அளவைத் தீர்மானிக்கும் விதம்

இருபது முக்கோணங்களால் ஆன உருவத்தில், ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாகப் பிரித்துக் கோளமாக உப்ப வைத்தால் கிடைப்பது 'இரண்டாம் அடுக்கு' குவிமாடம். அதன் பாதி அரைக்கோளம். சிறிய வீட்டுக்கு இதுவே போதும். இதன் அடி மட்டமாகச் சுவரில் உட்காரும். மூன்றாம் அடுக்கில் உருண்டை வடிவம் அழகாக வரும், ஆனால் அடிப்பகுதி மட்டமாக அமையாது, மூன்று வகை நீளங்களில் குழாயும் தேவைப்படும்.

இரண்டாம் அடுக்கில் இரண்டே நீளங்கள். ஆரத்தை 0.54653ஆல் பெருக்கினால் குட்டைக் குழாய், 0.61803ஆல் பெருக்கினால் நெட்டைக் குழாய். குட்டை 30, நெட்டை 35, ஆக 65 குழாய்கள். இணைப்புப் புள்ளிகள் 26. முக்கோணங்கள் 40: அவற்றில் 30 இருசமபக்க முக்கோணங்கள், 10 சமபக்க முக்கோணங்கள்.

ஆரம் எவ்வளவு வைப்பது? இதைக் கடையில் கிடைக்கும் பிளைவுட் பலகையே தீர்மானிக்கட்டும். பலகை 1.22 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் நீளம். குழாய்ச் சட்டத்தின் ஆரத்தை 3.80 மீட்டராக வைத்தால் குட்டைக் குழாய் 2.077 மீட்டர், நெட்டைக் குழாய் 2.349 மீட்டர். பலகை குழாய்க்கு வெளியே, மரச்சட்டத்தின் மேல் உட்காருகிறது. எனவே குழாயின் மையத்திலிருந்து 8 சென்டிமீட்டர் வெளியே தள்ளிக் கணக்கிட்டால், பலகை முக்கோணத்தின் அடி 2.40 மீட்டராகிறது. அதில் பாதி 1.20. பலகையின் அகலத்துக்குள் அடங்கி, ரம்பம் தின்னும் இடமும் போக ஏறக்குறைய ஒரு விரற்கடை மிஞ்சும்.

இதன் அருமை வெட்டும்போது தெரியும். இருசமபக்க முக்கோணத்துக்கு 1.20க்கு 1.75 மீட்டர், சமபக்க முக்கோணத்துக்கு 1.20க்கு 2.08 மீட்டர் என்று ஒரு செவ்வகம் வெட்டி, மூலைக்கு மூலை அறுங்கள். கிடைக்கும் இரண்டு செங்கோண முக்கோணங்களில் ஒன்றைக் குப்புறப் புரட்டி மற்றொன்றோடு சேர்த்தால் ஒரு முழு முக்கோணம். நாற்பது முக்கோணங்களுக்கு நாற்பது பலகைகள், தப்பு வெட்டுக்கு இரண்டு கூடுதல். ஒரு பாதியைப் புரட்ட வேண்டியிருப்பதால், ஒரு பக்கம் மட்டும் வழவழப்பான மலிவுப் பலகை உள்ளே திட்டுத் திட்டாகத் தெரியும். உட்புறத்தை வேறு எதனாலும் மூடப்போவதில்லை என்றால் இரு பக்கமும் நல்ல பலகையாக வாங்குங்கள்.

இந்த அளவில் வீடு 7.6 மீட்டர் குறுக்களவு, அதாவது 25 அடி. தரைப்பரப்பு 42.4 சதுர மீட்டர், ஏறக்குறைய 456 சதுர அடி. கணவன், மனைவி, ஒரு பிள்ளைக்குப் போதும். பெரிய குடும்பமென்றால் ஒன்றைப் பெரிதாக்குவதை விட, இரண்டு குவிமாடங்களைக் கட்டி நடுவில் சாதாரணக் கூரைபோட்ட கூடத்தால் இணைப்பது புத்திசாலித்தனம்.

இரும்பு வாங்குவதற்கு முன் சாத்தே குச்சியில் ஒரு மாதிரி செய்யுங்கள். இருபதில் ஒரு பங்கு அளவில் குட்டைக் குச்சி 10.4 செ.மீ., நெட்டை 11.7 செ.மீ. பழைய சைக்கிள் டியூபைத் துண்டு போட்டு இணைப்பாக்கலாம். குட்டைக்குச் சிவப்பும் நெட்டைக்கு நீலமும் பூசுங்கள். இந்தக் குச்சி மாதிரியைப் போல் எந்த வரைபடமும் வேலையாட்களுக்கு விளங்காது.

தரையும் சுவரும்

நடுவில் முளை அடித்து 3.80 மீட்டர் கயிற்றால் வட்டம் போடுங்கள். வட்டத்தில் ஒரு புள்ளியைத் தொடங்கி, 2.349 மீட்டர் இடைவெளியில் அடுத்தடுத்துக் குறித்துக்கொண்டே போனால் பத்தாவது இடைவெளி தொடங்கிய புள்ளியிலேயே வந்து முடிய வேண்டும். எதிரெதிர்ப் புள்ளிகளுக்கு நடுவே ஐந்து இடத்திலும் 7.60 மீட்டர் வருகிறதா என்று பாருங்கள்.

குறிப்பதற்கு முன் திசையைப் பார்த்துவிடுவது நல்லது. பெரியவர்கள் யாராவது வந்து, "ஐயா, மூலையே இல்லாத வீட்டில் ஈசானிய மூலை எங்கே?" என்று கேட்காமல் போக மாட்டார்கள். ஒரு பக்கத்தை நேர்க்கிழக்காக வைத்தால், அதற்கு இடப்பக்கச் சுவர் வடக்கிலிருந்து 54 பாகையில் அமையும். வடகிழக்கு 45 பாகை. அந்தச் சுவரோரமே சாமி மேடைக்குப் பொருத்தமான இடம் என்றால் பாட்டியும் ஒப்புக்கொள்வார்.

சுவரைச் செங்கல்லில் 2.7 மீட்டர் எழுப்புங்கள். உள்ளே பாதி வட்டத்துக்கு ஒரு பரண் மாடி போட்டாலும், கீழே 2.5 மீட்டர் உயரம் மிஞ்ச வேண்டும். 1984 துணைவிதி கூடத்துக்கும் படுக்கையறைக்கும் கேட்கும் உயரம் அது. அதே விதிப்படி ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. இந்த வீட்டுக்கு 4.3 சதுர மீட்டர். என்னைக் கேட்டால் அதைப் போல் இரண்டு மடங்கு வையுங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் வைத்தால்தான் காற்று உள்ளே வந்து வெளியே போகும்.

சுவரின் தலையில் கம்பி கட்டிய கான்கிரீட் வளைய உத்திரம். அதன் கம்பி பத்து முனைகளிலும் விடாமல் தொடர வேண்டும். குழாயைத் தாங்கும் பத்து நங்கூர போல்ட்டுகளை கான்கிரீட் காய்ந்த பிறகு துளைத்து வைப்பதை விட, அடிவளையக் குழாய்கள் பத்தையும் முதலிலேயே கோத்து, அதையே அச்சாக உத்திரத்தின் மேல் வைத்துக் கான்கிரீட் ஊற்றுவதே மேல். உத்திரத்திலிருந்தே ஒரு மீட்டர் வெளியே நீளும் தாழ்வாரத்துக்கும் கம்பி நீட்டி விடுங்கள்.

குழாய் வெட்டுதல்

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் பொதுவாக 6 மீட்டர் நீளத்தில் வரும். ஒன்றில் இரண்டு குழாய்கள்தான் எடுக்க முடியும் என்பதால் 33 நீளம் வாங்க வேண்டும். மிச்சத் துண்டுகள் தாழ்வாரத்தின் தாங்கிகளுக்கும் வேலிக்கும் ஆகும், பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

மேலே சொன்ன நீளங்கள் துளைக்குத் துளை உள்ள தூரம். முனையைத் தட்டையாக்கி, துளை போட்டு, துளைக்கு அப்பால் ஒரு அங்குலம் விட வேண்டும் என்பதால் இரு புறமும் சேர்த்து 5 செ.மீ. கூட்டி வெட்டுங்கள். தட்டையான முனையைக் குட்டைக் குழாயில் 16 பாகையும் நெட்டையில் 18 பாகையும் உட்பக்கம் வளைக்க வேண்டும்.

ஒவ்வொரு குழாயையும் நாடாவால் அளந்து துளைக்காதீர்கள். கனமான இரும்புப் பட்டை ஒன்றில், சரியான தூரத்தில், இரண்டு ஆணிகளைப் பற்றவைத்து அச்சுச் செய்துகொள்ளுங்கள். முதல் துளையை ஒரு ஆணியில் மாட்டி, மறு ஆணி இருக்கும் இடத்தில் அடுத்ததைக் குறியுங்கள். "அண்ணே, இரண்டு மில்லி கூடக் குறைய இருந்தால் என்ன?" என்று பட்டறைத் தம்பி கேட்பார். ஒரு குழாயில் ஒன்றும் ஆகாது. 65 குழாய்களில் அது திரண்டு, கடைசி உச்சிப் புள்ளியில் துளைகள் ஒன்றோடொன்று சேராமல் நிற்கும். வெட்டிய இடத்திலும் நசுக்கிய இடத்திலும் துத்தநாகப் பூச்சு போய்விடும். துத்தநாகச் சாயத்தை அன்றே பூசிவிடுங்கள், மறுநாள் காலை துரு தெரியும்.

கோத்து ஏற்றுதல்

போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிக்கொண்டே போங்கள். உச்சி சேர்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும்.

1. அடிவளையம்: நெட்டை 10. இது உத்திரத்தின் மேல் ஏற்கெனவே இருக்கிறது.

2. ஒவ்வொரு அடிப்புள்ளியிலிருந்தும் ஒரு குட்டை, ஒரு நெட்டை மேலே எழும். சுற்றி வரும்போது குட்டை குட்டை, நெட்டை நெட்டை என்று இரண்டிரண்டாக வந்து தலை சேரும். குட்டைகள் கூடும் இடம் உத்திரத்திலிருந்து 1.70 மீட்டர் உயரத்திலும், நெட்டைகள் கூடும் இடம் 2.00 மீட்டர் உயரத்திலும் நிற்கும். ஒன்று விட்டு ஒன்று உயர்ந்தும் தாழ்ந்தும் தெரிவது பிழையல்ல.

3. அந்தப் பத்துத் தலைகளையும் 10 குட்டைகளால் சுற்றிக் கட்டுங்கள். இந்தக் கட்டு முடியும்வரை சட்டம் ஆடும், யாரையும் மேலே ஏற விடாதீர்கள்.

4. தாழ்ந்த தலை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குட்டை, உயர்ந்த தலை ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு நெட்டை மேலே போய், 3.23 மீட்டர் உயரத்தில் ஐந்து புள்ளிகளில் சேரும்.

5. அந்த ஐந்தையும் 5 நெட்டைகளால் வளையமாக்கி, 5 குட்டைகளை உச்சியில் கூட்டுங்கள்.

சரிபார்க்க ஒரு வழி: ஐந்து குழாய்கள் கூடும் ஆறு இடங்களிலும் வருபவை எல்லாம் குட்டையாக இருக்க வேண்டும். நடுவே ஒரு நெட்டை தெரிந்தால் அங்கே மாறிவிட்டது. நடுவில் சாரம் கட்டிக்கொண்டு நாலு பேர் சேர்ந்தால் ஏற்றிவிடலாம். இடி கேட்டதும் இறங்கிவிடுங்கள், வெட்டவெளியில் நிற்கும் இரும்புக்கூடு அது.

பலகையும் மழைக் காப்பும்

ஒவ்வொரு குழாயின் மேலும் பதப்படுத்திய மரச்சட்டத்தைக் கவ்விகளால் பூட்டி, அதன் மேற்புறத்தைக் கூரை முகடுபோல் இருபுறமும் சற்றுச் சரித்து இழையுங்கள். பலகை இரண்டு பாதிகளாக இருப்பதால் நடு இணைப்புக்கு அடியிலும் ஒரு சட்டம் வேண்டும். கைக்கு எளிதாகக் கிடைக்கிறதே என்று ரப்பர் மரத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். நாற்காலிக்கும் மேசைக்கும் அது தங்கம். ஈரம் பட்டால் பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடிக்கும்.

முக்கோணங்களுக்கு இடையில் மட்டும் இணைப்பின் நீளம் ஏறக்குறைய 124 மீட்டர். நடு இணைப்புகளையும் சேர்த்தால் 197 மீட்டர். இத்தனை நீளத்தையும் சிலிகான் பசையை நம்பி விடுவது, சல்லடையில் மெழுகு பூசித் தண்ணீர் பிடிப்பதைப் போன்றது. வெயிலில் 30 பாகை சூடேறினால் நெட்டைக் குழாய் ஒன்று 0.8 மில்லிமீட்டர் நீளும், மழை பெய்ததும் சுருங்கும். இந்த இழுபறி நாள்தோறும் நடக்கும்போது பசை எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கும்?

அதனால் இணைப்பை அடைப்பதை விட, தண்ணீரை அதன்மேல் நிற்காமல் ஓட வைப்பதே வழி. பலகை முழுவதற்கும் ஒட்டும் தார்ப்படலத்தைக் கீழிருந்து மேலாக, ஒன்றின் மேல் ஒன்று 10 செ.மீ. படியும்படி போர்த்துங்கள். அதன்மேல் தார்ச்சில்லு (ஷிங்கிள்ஸ்) கூரை. வெளிர் நிறமாக இருந்தால் வெப்பம் குறையும். உச்சி முக்கோணங்களின் சரிவு சுமார் 19 பாகைதான், அங்கே மட்டும் படலத்தை இரட்டையாகப் போடுங்கள். நெருப்பால் சூடாக்கி ஒட்டும் வகையைப் பலகைமேல் பயன்படுத்த வேண்டாம். வெளிச்சத்துக்காகக் கூரையில் அக்ரிலிக் பதிக்கவும் ஆசைப்படாதீர்கள். மாண்ட்ரியலில் 1967 கண்காட்சிக்காக ஃபுல்லர் வடிவமைத்த 76 மீட்டர் குவிமாடத்தின் அக்ரிலிக் தோல் 1976இல், பற்றவைக்கும் வேலையின்போது தீப்பிடித்து முழுவதும் எரிந்துபோனது. எஃகுக் கூடு மட்டும் நின்றது.

10 மில்லிமீட்டர் மழை பெய்தால் குவிமாடத்திலிருந்து மட்டும் 440 லிட்டர் தண்ணீர் இறங்கும். பத்துப் பக்கத்துக்கும் வாய்க்கால் தகரம் வைத்து, இரண்டு இடங்களில் தொட்டிக்கு இறக்கினால் தோட்டத்துக்கும் கழுவுவதற்கும் குழாய்த் தண்ணீர் தேவைப்படாது.

வெப்பமும் மின்சாரமும்

சூடான காற்று உச்சியில் போய்த் தேங்கும், அதற்கு வழிவிட்டால் வீடு குளிரும். உச்சி ஐந்து முக்கோணங்களில் பலகையைத் தாழ நிறுத்தி, ஒரு முழம் உயர்த்திய தொப்பிக் கூரையை அதன்மேல் வையுங்கள். இடைவெளிக்குக் கம்பிவலை கட்டாயம். வௌவாலும் அணிலும் மனிதருக்கு முன்பே குடிவந்துவிடும். பலகைக்கு உட்புறம் பாறைப்பஞ்சு (ராக்வூல்), அதன் மேல் மெல்லிய பலகை என்று மூடினால் மழையின் இரைச்சலும் எதிரொலியும் ஒருசேர அடங்கும்.

மின்வேலையைப் பதிவுபெற்ற மின்பணியாளரிடமே விடுங்கள். இரும்புச் சட்டம் முழுவதையும் நிலத்தொடர்புக் கம்பியுடன் இணைப்பதும், இடிதாங்கி அமைப்பதும் இந்த மின்னல் பூமியில் செலவு பார்க்கக்கூடிய இடமல்ல. சூரியத் தகடுகளை வளைந்த கூரையில் திணிக்காமல், இணைப்புக் கூடமோ பின்பக்கச் சாய்ப்போ இருந்தால் அதன் கூரையில் பொருத்துங்கள்.

குடியிருக்கும்போது

சமையலறையை உள்ளே வைக்காதீர்கள். வரமிளகாய் தாளிக்கும் நெடி நேராக மேலேறிப் பரணில் படுத்திருப்பவரை எழுப்பிவிடும். பழைய லயங்களில் அடுப்படி பின்னால் தனியாக ஒதுங்கியிருந்தது காரணமில்லாமல் அல்ல. அதே முறையில் பின்பக்கச் சுவரை ஒட்டிச் சாய்ப்பு இறக்கிக்கொள்ளுங்கள். குளியலறையும் அங்கேயே போகட்டும்.

வட்ட வீட்டில் ஒலி விசித்திரமாக நடந்துகொள்ளும். ஒரு சுவரோரம் கிசுகிசுத்தது எதிர்ச் சுவரோரம் தெளிவாகக் கேட்கும். மாமியாரும் மருமகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற வீடு என்றால், பாறைப்பஞ்சில் சிக்கனம் பிடிக்காமல் திரைச்சீலையும் துணி விரிப்பும் தாராளமாகப் போடுங்கள். 2.35 மீட்டர் அகலமுள்ள சுவரில் ஆறடிக் கட்டிலும் சாதாரண அலமாரியும் ஒட்டி நிற்கும். சுவரை நேராக எழுப்பியதன் பலன் இங்கே கைமேல் கிடைக்கிறது. உள்தடுப்புகளைக் கூரைவரை கொண்டுபோகாமல் சுவர் உயரத்தோடு நிறுத்தினால் காற்றோட்டம் கெடாது.

மேற்குக்கரையில் ஏப்ரல், அக்டோபரை ஒட்டிய மாதங்களில் மழை வலுக்கும். அதற்கு முந்தைய மாதத்தில் மேலே ஏறி, இணைப்புப் புள்ளிகளுக்கு நேர்மேலே உள்ள சில்லுகளையும் தொப்பியின் விளிம்பையும் பாருங்கள். கசிவு அங்கேதான் தொடங்கும். உள்ளே சொட்டும் இடமும் வெளியே நுழையும் இடமும் ஒன்றாக இருக்காது. தண்ணீர் சட்டத்தின் வழியே கீழிறங்கிப் பிறகுதான் சொட்டும் என்பதால், ஈரம் தெரியும் இடத்துக்கு மேலுள்ள முக்கோணங்களிலிருந்து தேடத் தொடங்குங்கள். நாற்பது முக்கோணங்களுக்கும் கட்டும்போதே எண்ணிட்டு, அந்த வரைபடத்தின் ஒரு பிரதியை மின்பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டி வையுங்கள். பழுது பார்க்க வருபவரிடம் "பதினேழாம் எண்" என்று சொன்னால் அவர் நேராக அங்கே ஏணி போட முடியும்.